கையடக்க மூளையலைக் கருவியும் கலாசாலை மாணாக்கரும்

மார்பின்மீது கையை வைத்தால் நெஞ்சின் துடிப்பை உணரலாம். மணிக்கட்டைப் பற்றினால் நாடியின் ஓட்டத்தை அறியலாம். ஆயின், உடம்பு முழுவதையும் ஆண்டு நடத்தும் மூளையோ, தலையோட்டினுள் மறைந்திருந்து, யாதோர் ஓசையும் அசைவுமின்றித் தன் தொழிலை இயற்றுகின்றது. நெற்றியில் எத்துணை நேரம் கைவைத்திருப்பினும், உள்ளே நினைவு நிகழ்கின்றதா உறக்கம் நிகழ்கின்றதா என்று கைக்குத் தெரிவதில்லை. அங்ஙனம் மறைந்து நிகழ்வதன் ஒரு சிறு பகுதியை வெளியிலிருந்தே எழுதிக்கொள்ளும் வழி ஏறக்குறைய நூறாண்டுகட்கு முன்னர்க் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வழி, பெரிய மருத்துவச்சாலைகளையும் பல்கலைக்கழகச் சோதனைச்சாலைகளையும் விட்டுப் புறப்பட்டு, ஒரு மாணாக்கன் தன் புத்தகப்பையில் வைத்துக்கொண்டு போகத்தக்க சிறு கருவியாய் உருப்பெற்றுள்ளது. அக்கருவியைக் கொண்டு இளங்கலை மாணாக்கர் மெய்யாகவே ஆராய்ச்சி செய்யக்கூடுமோ, அன்றி அஃது ஒரு விளையாட்டுப் பொருள்தானோ என்னும் வினாவை ஈண்டு எடுத்து ஆராயப் புகுகின்றேன்.

தமிழிலக்கியம் பயில்வோனுக்கு மூளையின் மின்சாரத்தோடு யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

உயிர்ப்பிராணிகளின் மூளையில் மின்சார ஓட்டம் உண்டு என்பதனை முதன்முதற் கண்டவர் ஆங்கிலநாட்டு லிவர்ப்பூல் நகரத்து மருத்துவர் ரிச்சர்டு கேட்டன் என்பவர். அவர் முயல்களிடத்தும் குரங்குகளிடத்தும் அதனைக் கண்டு 1875-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனிதர் தலையிலிருந்து அதனை முதலில் எழுதிக்கொண்டவர் ஜெர்மனி தேசத்து யேனா நகரத்தில் மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர். இவர் இத்துறையிற் புகுந்த வரலாறு வியப்புடையது. ஏறக்குறையப் பத்தொன்பது வயதில் இவர் படைப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபொழுது, குதிரையினின்றும் தவறி, விரைந்து வந்த பீரங்கிவண்டியின் முன்னே விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே அவர் நலத்தை வினவித் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தொலைவிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்ததென்று உள்ளம் பதறி, தந்தையை வற்புறுத்தித் தந்தி விடுப்பித்தனள் என்பர். ஓர் உள்ளத்தின் அச்சம் மற்றோர் உள்ளத்திற்குச் சென்று சேர்ந்தது எங்ஙனம் என்னும் ஐயமே அவரை வாழ்நாள் முழுவதும் மூளையின் ஆற்றலைத் தேடச் செய்தது. அவர் தேடிய அவ்வுளத்தூது அகப்படவில்லை. தேடாத ஒன்று அகப்பட்டது. 1924-ஆம் ஆண்டில், மனிதன் தலையின்மீது வைத்த மின்வாய்களினூடே, வினாடிக்கு ஏறக்குறையப் பத்துமுறை எழுந்து தாழும் மெல்லிய அலையொன்று அவர் கருவியிற் பதிவாயிற்று.

அதனைக் கண்டவுடன் அவர் உலகிற்குப் பறைசாற்றவில்லை. இஃது இதயத்தின் மின்சாரமோ, தசையின் நடுக்கமோ, குருதியோட்டத்தின் அசைவோ, கருவியின் குற்றமோ என்று ஒவ்வொன்றாக ஐயுற்று, தம் மகன் தலையிலும் வைத்துச் சோதித்து, ஐந்தாண்டு கழிந்து 1929-இல்தான் முதற் கட்டுரையை வெளியிட்டார். அதன்பின்னும் பலர் நம்பவில்லை. 1934-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் எட்வர்டு ஏட்ரியன், பிரையன் மாத்யூஸ் என்னும் இருவர் தம் தலைகளிலேயே வைத்துப் பார்த்து, பெர்கர் கண்டது மெய்யே என்று உறுதிப்படுத்தினர். அவ்விருவருள் ஏட்ரியனுக்கு அவ்வலை தெளிவாய்த் தோன்றிற்று. மாத்யூஸுக்கோ நன்கு தோன்றவில்லை. கண்ணை மூடியிருந்தும் தன் ஏட்டில் அலை காணப்பெறாத மாணாக்கன் வருந்துதல் வேண்டா என்பதற்கு இதனினும் சிறந்த சான்றில்லை.

நிற்க. இவ்வலையின் சிறுமையை முதலில் உணர்தல் வேண்டும். கைவிளக்கிலிடும் மின்கலத்தின் அழுத்தம் ஒன்றரை வோல்ட்டு. வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோவோல்ட்டு எனப்படும். கண்ணை மூடி அமைதியாய் இருப்பவனிடத்துத் தோன்றும் பெர்கர் அலை ஏறக்குறைய ஐம்பது மைக்ரோவோல்ட்டளவினது எனின், கைவிளக்கின் கலத்தினும் முப்பதினாயிரம் மடங்கு மெலிந்தது என்றாகின்றது. கண்ணை ஒருமுறை இமைத்தால் எழும் மின்சாரம் இதனினும் பெரிது. பல்லைக் கடித்தால் எழுவதும் பெரிது. சுவரினுள் ஓடும் மின்கம்பிகள் நம் நாட்டில் வினாடிக்கு ஐம்பது முறை அதிர்ந்து தம் இரைச்சலையும் இதனோடு கலக்கின்றன. சந்தைக்கடைக்கு நடுவே நின்று, அண்டை வீட்டிற் குழந்தை மூச்சுவிடுவதைக் கேட்க முயல்வது போன்றதே இத்தொழில்.

ஆதலாற்றான் இத்தொழிலுக்குரிய சோதனைச்சாலைகள் மிகுந்த பொருட்செலவில் அமைக்கப்பட்டன. மின்னிரைச்சல் புகாவண்ணம் உலோகத்தகடு வேய்ந்த அறை, முப்பத்திரண்டோ அறுபத்துநான்கோ மின்வாய்கள் பதித்த குல்லாய், ஒவ்வொரு மின்வாயின் கீழும் இடுதற்குரிய உப்புப்பசை, பெரிய பெருக்கிகள் என இவையெல்லாம் சேர்ந்து பல்லாயிரம் டாலர் விலைபெறும். இளங்கலை மாணாக்கர் இவற்றைப் பாடப்புத்தகத்துப் படங்களிற் கண்டதோடு நின்றனர்.

இந்நிலை மாறியது இந்நூற்றாண்டின் முதற் பகுதியிலேயாம். 2009-ஆம் ஆண்டில் எமோட்டிவ் என்னும் நிறுவனத்தார் எபாக் என்று பெயரிட்ட, பதினான்கு மின்வாய்களையுடைய கம்பியில்லாத் தலைக்கருவியைச் சில நூறு டாலர் விலைக்கு விற்கத் தொடங்கினர். அது கணினி விளையாட்டிற்கென்றே செய்யப்பட்டது. பின்னர், நெற்றியிற் பட்டைபோற் கட்டிக்கொள்ளும் மியூஸ் என்பதும், வேண்டிய இடத்தில் மின்வாய்களை மாணாக்கரே அமைத்துக்கொள்ளத்தக்க ஓப்பன் பி.சி.ஐ. என்னும் மின்பலகையும் வந்தன. மியூஸிற்கு மின்வாய்கள் நான்கே: நெற்றியில் இரண்டு, காதின் பின்னே இரண்டு.

விளையாட்டிற்கென்று செய்ததை ஆராய்ச்சிக்குக் கொள்ளலாமோ என்று அறிஞர் ஐயுற்றது இயல்பே. ஆஸ்திரேலியாவிலுள்ள மக்வாரி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் எபாக் கருவியையும் சோதனைச்சாலைக் கருவியையும் ஒரே ஆளின் தலையில் ஒருங்கே பொருத்தி, ஓசைகளைக் கேட்கச் செய்து, இரண்டின் பதிவுகளையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டனர். ஓசை கேட்டபின் எழும் சில முதன்மையான அலைகளைப் பொறுத்தமட்டில் சிறு கருவியும் பெரிதும் ஒத்துநின்றது. மியூஸ் கருவியைக் கானடாவிலுள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தார் இங்ஙனமே சோதித்து 2017-இல் வெளியிட்டனர். எனவே, விளையாட்டுப் பொருளென்று இகழ்தலும் பிழை. அதுகொண்டு, எல்லாம் அளக்கலாமென்று புகழ்தல் அதனினும் பெரிய பிழை. எவ்வலையை அளக்கின்றோம் என்பதைப் பொறுத்தே கருவியின் தகுதி அமையும்.

இனி, மாணாக்கர் இதனைக்கொண்டு செய்யத்தக்க சோதனை ஒன்றனை முதலிலிருந்து முடிவுவரை கூறுவேன். ஒருவர் தலையிற் கருவியைப் பொருத்தி, காதில் இருநூறு ஓசைகளைக் கேட்பிக்க வேண்டும். அவற்றுள் நூற்றறுபது தாழ்ந்த ஓசை. நாற்பது உயர்ந்த ஓசை. உயர்ந்தது எப்பொழுது வருமென்று அவர் அறியாவண்ணம் இடையிடையே கலந்து வருதல் வேண்டும். உயர்ந்த ஓசையை மட்டும் மனத்துள் எண்ணிக்கொண்டு வருமாறு அவரிடம் சொல்லவேண்டும். ஓசைக்கும் ஓசைக்கும் ஒன்றரை வினாடி இடைவெளியெனின், ஐந்தே நிமிஷத்திற் சோதனை முடிந்துவிடும். அரிதாய் வரும் ஓசையைக் கேட்டு ஏறக்குறைய முந்நூறு மில்லிவினாடி கழிந்தபின், அஃதாவது ஒரு வினாடியின் பத்தில் மூன்று பங்கிற்குப்பின், மூளையில் ஓர் அலை எழும். இதனை 1965-ஆம் ஆண்டில் சாமுவேல் சட்டன் என்பாரும் அவர் தோழரும் கண்டறிந்தனர்; பி 300 என்பது அதன் பெயர். எதிர்பாராதது வந்தது, அது நமக்கு வேண்டியது என்று உள்ளம் கொள்ளும் நிலைக்கு இஃது ஓர் அடையாளம் என்பர்.

ஆயின், பதிவேட்டை விரித்துப் பார்க்கும் மாணாக்கனுக்கு அங்கு அத்தகைய அலை யாதும் கண்ணிற்படாது. பத்து மைக்ரோவோல்ட்டளவினதாகிய அவ்வலை, அதனினும் பெரிய இரைச்சலுள் மூழ்கிக் கிடக்கும். அதனை வெளிக்கொணரும் வழி யாது?

இவ்விடத்தில், தமிழ் கற்போர்க்குப் பழக்கமான ஒன்று துணைபுரிகின்றது. பழைய நூலொன்றின் ஏட்டுச்சுவடிகள் பத்து இடங்களிலிருந்து கிடைத்தால், பதிப்பாசிரியர் யாது செய்கின்றார்? ஒரு சுவடியில் எழுதினோன் கைபிழைத்து ஓரெழுத்தை விட்டிருப்பான். மற்றொன்றிற் செல் அரித்திருக்கும். வேறொன்றில் ஏடு முறிந்திருக்கும். ஆயினும், பிழைகள் சுவடிதோறும் வேறு வேறிடத்தில் நிகழ்ந்திருக்க, மெய்ப்பாடமோ எல்லாவற்றிலும் ஓரிடத்திலேயே நிற்கும். பலவற்றையும் அடுக்கி ஒப்பிட்டால் பிழைகள் ஒன்றையொன்று விலக்க, பாடம் மேலெழுந்து தோன்றும். உ. வே. சாமிநாதையரவர்கள் ஊரூராய்ச் சுவடி தேடி அலைந்ததும் இதன்பொருட்டன்றோ? மூளையலையிலும் இதுவே முறை. உயர்ந்த ஓசை கேட்ட நாற்பது வேளைகளின் பதிவுகளையும் ஓசை தொடங்கிய கணத்திலிருந்து வெட்டியெடுத்து, ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி, சராசரி காணவேண்டும். இரைச்சல் ஒவ்வொரு வேளையிலும் தன் விருப்பப்படி எழுந்தும் தாழ்ந்தும் வருவதால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஓசையால் எழுந்த அலை மட்டும் ஒரே இடத்தில் நிற்பதால் அழியாது எஞ்சும்.

எத்துணை அழியும் என்பதற்கும் கணக்குண்டு. அடுக்கிய பதிவுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் யாதோ, அத்தனையில் ஒரு பங்காய் இரைச்சல் குறையும். ஒரு பதிவில் இரைச்சல் இருபது மைக்ரோவோல்ட்டெனக் கொள்வோம். நாற்பதில் நான்கு பதிவுகள் கண்ணிமைப்பாற் கெட்டனவென்று தள்ளிவிட்டால் எஞ்சுவன முப்பத்தாறு. அதன் வர்க்கமூலம் ஆறு. இரைச்சல் இருபதிலிருந்து ஏறக்குறைய மூன்றேகாலுக்குத் தாழும். அப்பொழுது பத்து மைக்ரோவோல்ட்டு அலை தலைதூக்கி நிற்கும். இன்னும் பாதியாகக் குறைக்க வேண்டுமெனின், பதிவுகளை நான்கு மடங்காக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவரோ சோர்ந்து உறங்கிவிடுவர். இவ்விரண்டிற்கும் நடுவே அளவறிந்து நிற்கப் பழகுவதே இத்துறையின் முதற் பயிற்சியாகும்.

மேற்கூறிய உவமை இன்னும் ஒருபடி செல்லும். பத்துச் சுவடிகளும், பிழையுள்ள ஒரே மூலச்சுவடியைப் பார்த்தெழுதிய வழிச்சுவடிகளாயின், அப்பிழை பத்திலும் ஓரிடத்திலேயே நிற்கும். எத்தனை ஒப்பிட்டாலும் நீங்காது. மெய்ப்பாடம்போலவே தோன்றிப் பதிப்பாசிரியரை ஏமாற்றும். மூளைப்பதிவிலும் அங்ஙனமே. உயர்ந்த ஓசை கேட்கும்போதெல்லாம் ஒருவர் தம்மையறியாது கண்ணிமைப்பாராயின், அவ்விமைப்பு எல்லாப் பதிவுகளிலும் ஒரேயிடத்தில் விழும். சராசரி அதனை நீக்குவதற்கு மாறாக நிலைநிறுத்திவிடும். மாணாக்கனோ, அழகிய பெரிய அலை கிடைத்ததென்று மகிழ்வன். பெர்கர் ஐந்தாண்டு ஐயுற்றது இத்தகைய பொய்யலைகளைக் குறித்தேயாம்.

கம்பியில்லாக் கருவிக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. ஓசை எழுந்த கணத்தைக் கணினி குறித்துக்கொள்ளும் நேரமும், பதிவு காற்றிற் பறந்து வந்து சேரும் நேரமும் சிற்சில மில்லிவினாடி முன்பின்னாகும். எல்லா வேளையிலும் ஒரே அளவாய்த் தாழ்க்குமாயின் கழித்துக்கொள்ளலாம். வேளைக்கொரு அளவாயின் அடுக்கிய அலைகள் ஒன்றோடொன்று பொருந்தாது மங்கிவிடும். கருவியை வாங்கியவுடன் யார் தலையிலும் வையாது, ஓசையைக் கருவிக்கே நேரே ஊட்டி இத்தாழ்ச்சியை அளந்துபார்த்தல் நலம். இவ்வேலை சுவையற்றது, பலர் செய்வதில்லை. செய்யாதவர் ஏட்டை நான் நம்பேன்.

இனி, தமிழ் மாணாக்கனுக்கு இதனாற் பயன் யாதென்னும் வினாவிற்கு வருவோம். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்லியார்டு என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். வாக்கியங்களைச் சொல்சொல்லாகத் திரையிற் காட்டி, சிலவற்றின் இறுதிச்சொல்லைப் பொருளுக்குப் பொருந்தாததாக வைத்தனர். அப்பொருந்தாச் சொல்லைக் கண்டு ஏறக்குறைய நானூறு மில்லிவினாடியில் எதிர்மின் அலையொன்று எழுந்தது. இறுதிச்சொல் பொருளிற் பொருந்தி, எழுத்துமட்டும் பெரிதாய் இருந்தபொழுது அவ்வலை எழவில்லை. வேறோர் அலையே எழுந்தது. எனவே, என் 400 எனப்படும் அவ்வலை வியப்பினால் மட்டும் எழுவதன்று. பொருளோடு தொடர்புடையது என்று தெளிந்தனர். பின்னர் வந்த ஆராய்ச்சியாளர், இலக்கணப்பிழை நேர்ந்தவிடத்து ஏறக்குறைய அறுநூறு மில்லிவினாடியில் நேர்மின் அலை ஒன்று எழக்கண்டு, அதனைப் பி 600 என்றனர்.

இதனைப் படித்தபொழுது எனக்கு நன்னூல் நினைவிற்கு வந்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு என்று அதிற் பயின்றிருக்கின்றோம். "கண்ணன் வந்தாள்" என்பது பால்வழு. "மாடு வந்தான்" என்பது திணைவழு. "அம்மை குழந்தைக்குச் சோற்றை உழுதாள்" என்பதில் இவ்வழுக்களுள் ஒன்றுமில்லை, பொருள்தான் பொருந்தவில்லை. இலக்கண நூலார் இவற்றைத் தாளின்மீது வகுத்துவைத்தனர். தமிழ் பேசுவோன் உள்ளமும் இவ்வகுப்பை ஏற்கின்றதோ? திணையென்பது உயர்திணை அஃறிணை என்னும் பொருட்பாகுபாட்டின்மேல் நிற்பது. ஆயினும் வினையின் விகுதியில் இலக்கணமாய் வெளிப்படுவது. ஆகலின், "மாடு வந்தான்" என்று காணும் தமிழன் மூளை அதனைப் பொருட்பிழையாகக் கொண்டு நானூற்றில் அலையெழுப்புமோ, இலக்கணப்பிழையாகக் கொண்டு அறுநூற்றில் எழுப்புமோ? பால்வழுவும் திணைவழுவும் ஒரேவகை அலையை எழுப்புமோ, வேறு வேறோ? தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், பிழை எப்பொழுதும் வாக்கியத்தின் கடைச்சொல்லிலேயே வெளிப்படும்படி அமைத்தல் எளிது. ஆராய்வோனுக்கு இஃது ஒரு நல்வாய்ப்பு.

எளிதென்று கூறினேன், முற்றும் எளிதன்று. பிழையுள்ள வாக்கியத்தின் இறுதிச்சொல்லும் பிழையற்றதன் இறுதிச்சொல்லும் நீளத்தாலும் வழக்கின் பயிற்சியாலும் ஒத்திருக்க வேண்டும். "வந்தது" என்பதும் "வந்தான்" என்பதும் ஒரே அளவினவோ? ஒரு வாக்கியம் இருமுறை வருதல் ஆகாது. ஆகவே நூற்றுக்கணக்கில் வாக்கியங்கள் இயற்றவேண்டும். நூலிற் பயிலும் தமிழிலோ வீட்டிற் பேசும் தமிழிலோ காட்டுவது என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். இவை மின்சாரம் கற்றோர் மட்டும் செய்யக்கூடிய வேலையல்ல. தமிழ் கற்றோர் உடனிருந்து செய்யவேண்டியவை. உளநூல் பயில்வோர், இயற்பியல் பயில்வோர், தமிழ் பயில்வோர் ஆகிய மூவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்தற்கு இதனினும் நல்ல காரணம் கிடைப்பதரிது.

கருவியைத் தேர்தலும் இவ்வினாவைச் சார்ந்ததே. என் 400 உச்சிக்கும் பிடரிக்கும் இடையே நடுத்தலையில் நன்கு தோன்றுவது. மியூஸின் மின்வாய்களோ நெற்றியிலும் காதின் பின்னுமே உள்ளன. எபாக்கிலும் நடுக்கோட்டின்மேல் மின்வாய் இல்லை. ஆகவே இச்சோதனைக்கு, மின்வாய்களை வேண்டியவிடத்து வைத்துக்கொள்ளத்தக்க ஓப்பன் பி.சி.ஐ. போன்றதே ஏற்றது. விலை குறைந்ததென்று முதலிற் கருவியை வாங்கிவிட்டு, பின்னர் அதற்கேற்ற வினாவைத் தேடுவது, சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுவது போலாம்.

இனி, நான் மிகவும் முதன்மையாய்க் கருதுவது ஒன்றுண்டு. அஃது யார் யார் தலையில் இக்கருவி பொருந்தும் என்பது. மின்வாய் தலைத்தோலைத் தொடவேண்டும். இடையே மயிர் நின்றால் மின்னோட்டம் தடைப்படும். மேனாட்டார் கருவிகள் மெல்லிய, நேரான மயிரை எண்ணியே பெரிதும் செய்யப்பட்டன. ஆப்பிரிக்க வழியினர்க்கு இயல்பாயுள்ள அடர்ந்து சுருண்ட மயிரின்மீது அவை செவ்வையாய் அமைவதில்லை. அதனால் அத்தகையோர் பதிவுகள் கெட்டவையென்று தள்ளப்படுதலும், அவர்கள் சோதனைக்கே அழைக்கப்படாமையும் நிகழ்ந்தன. மனித மூளையைப் பற்றிய முடிவென்று நூல்கள் கூறுவது, இங்ஙனம் சிலரை விலக்கியபின் எஞ்சியோரைப் பற்றிய முடிவாய்விடுகின்றது.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர்களுள் ஒருவர் பேராசிரியரல்லர். அமெரிக்காவிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை பயின்ற ஆர்னெல் எட்டியன் என்னும் மாணவியார். தலைமயிரைத் தலையோடு ஒட்டி வரிவரியாய்ப் பின்னும் வழக்கம் ஆப்பிரிக்க வழியினரிடத்து உண்டு. அவ்வரிகளை மின்வாய் வைக்கவேண்டிய இடங்கள் நடுவே வெளிப்படுமாறு பின்னி, பின்னல்களையே பிடிப்பாகக்கொண்டு மின்வாயைத் தோலின்மீது அழுத்தி நிறுத்தும் கவ்விகளை அவர் தம் ஆசிரியர் புல்கிட் குரோவர் முதலியோருடன் அமைத்தார். மின்தடை வெகுவாய்க் குறைந்ததென 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செவோ என்று அதற்குப் பெயரிட்டனர். ஹெயிட்டி நாட்டுக் கிரியோல் மொழியில் மூளை என்பது அதன் பொருள். அறுபது ஆண்டுகளுக்குமேல் மின்வாய் வைக்கும் இடங்களை அளந்து வகுத்துவந்த ஒரு துறையில், தலைபின்னும் கைவழக்கம் அறிந்த ஒரு மாணவி காணக்கூடியது இருந்தது என்பதை நோக்குக.

நம் நாட்டில் இவ்வினா வேறு உருவில் வரும். நம் வகுப்பறைகளில் எத்தனை தலைகள் எண்ணெய் நீவிப் பின்னியவை! எண்ணெய் மின்னோட்டத்தைத் தடுக்கும். சோதனைக்கு வருமுன் எண்ணெயின்றித் தலைகுளித்து வரச்சொல்லல் வேண்டும். அடர்ந்த நீண்ட கூந்தலைப் பகுத்து வகிர்ந்து தோலைக் காணப் பொறுமை வேண்டும். முக்காடோ தலைப்பாகையோ அணிந்தோர்க்கு அவர் மனம் நோகாத தனியிடமும், பெண்களுக்குப் பெண்களே கருவி பொருத்துதலும் வேண்டும். இவற்றை எண்ணாது தொடங்கும் கலாசாலையில், குறுமயிர் வெட்டிய ஆண்பிள்ளைகளின் மூளையே மாணாக்கர் மூளையென்று ஏட்டிலேறும். கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப்புறம் செல்லலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு. தாரா தியாகராஜன் என்பாரும் அவருடன் உழைத்தோரும் எபாக் கருவியுடன் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் சென்று பதிவுசெய்து, மக்கள் வாழ்க்கைச் சூழலுக்கேற்பப் பெர்கர் அலையின் வலிமை வேறுபடுகின்றது என 2017-ஆம் ஆண்டில் எழுதினர். அம்முடிவை மேலும் சோதித்தல் வேண்டும். ஆயினும், சோதனைச்சாலைக்கு ஒருநாளும் வாராதவர் தலையும் ஆராய்ச்சியுள் வந்தது என்பது சிறியதன்று.

இக்கருவி மனத்திலுள்ளதைப் படித்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர், ஆசைப்படுவோரும் உளர். இரண்டும் வேண்டா. உள்ளத்தை ஆராய்ந்தறிதல் இறைவனுக்கே உரியதென்று ஆலயத்திற் கேட்டு வளர்ந்த நமக்கு, நான்கு மின்வாய்கள் அதனைச் செய்யமாட்டா என்பது புதுச் செய்தியன்று. சில கருவிகள் மூலப்பதிவைக் காட்டாது, கவனம் இத்தனை, அமைதி இத்தனை என்று எண்களை மட்டும் காட்டுகின்றன. அவ்வெண் எங்ஙனம் கணிக்கப்பட்டதென்று விற்போர் முற்றும் கூறார். அதனைக்கொண்டு மாணாக்கன் பாடத்திற் கவனம் செலுத்தினானா என்று அளக்கப் புகும் ஆசிரியர் எவரேனும் இருப்பின், அவர் வகுப்பில் அக்கருவியை நான் அணியேன். இஃது ஒருபுறமிருக்க, பதிவு யாருக்கு உரியது என்னும் வினா மெய்யானது. தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டார், மூளைச்செயலையும் அதினின்றும் பெறும் செய்திகளையும் காக்கும் பொருட்டு 2021-ஆம் ஆண்டில் தம் அரசியற் சட்டத்தையே திருத்தினர். 2023-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், முன்னாட் செனட்டர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவர் மூளைப்பதிவுகளை அழித்துவிடுமாறு எமோட்டிவ் நிறுவனத்திற்கு ஆணையிட்டது. ஆதலால், நண்பன் ஒருவன் தலையில் விளையாட்டாகக் கருவியை வைக்கும் முன்னும், பதிவு எங்கே சென்று தங்கும், யார் காண்பர், வேண்டாமென்றால் அழிக்கப்படுமா என்பவற்றை அவனுக்குச் சொல்லி எழுத்தில் உடன்பாடு பெறவேண்டும். பதிவில் ஏதேனும் வேறுபாடு காணினும், நோயென்று சொல்ல நாம் மருத்துவரல்லேம் என்பதையும் முன்னரே சொல்லிவிடுதல் நன்று.

பயிற்சிக்கு வழியில்லையென்று இக்காலத்தில் ஒருவரும் கூறவியலாது. அமெரிக்காவில் ரிச்மண்டு பல்கலைக்கழகம், ஹாம்ப்ஷயர் கலாசாலை, கிளேர்மாண்ட் மெக்கென்னா கலாசாலை ஆகியவற்றின் பேராசிரியர் மூவர் பர்ஸ்யூ என்னும் பெயரால் இளங்கலை மாணாக்கர்க்கென்றே பாடங்களும் பதிவுகளும் தொகுத்து விலையின்றி வழங்குகின்றனர். கலிபோர்னியாவில் ஸ்டீவன் லக் முதலியோர் நாற்பதின்மர் பதிவுகளை, என் 400, பி 300 முதலிய ஏழலைகளுக்குரிய சோதனைகளோடு, 2021-இல் யாவர்க்கும் திறந்துவைத்தனர். கருவி ஒன்றேனும் இல்லாத கலாசாலையிலும் அப்பதிவுகளை எடுத்து அடுக்கிச் சராசரி காணப் பழகலாம். வகுப்பிற்கு முப்பது கருவி வாங்குவதைவிட, இரண்டு வாங்கி, மூன்றாமாண்டு மாணாக்கர் இரண்டாமாண்டு மாணாக்கர்க்குக் கற்பித்து, ஒரே சோதனையைப் பல்லாண்டு தொடர்ந்து செய்து பதிவுகளைச் சேர்த்துவருதல் மேலென்பது என் எண்ணம். ஓராண்டிற் பதினைந்து பேர் கிடைப்பினும் நான்காண்டில் அறுபதின்மர் ஆவர்.

அங்ஙனம் தொடங்குவோர்க்குச் சோதனைக் குறிப்பேடு ஒன்று வேண்டும். பதிவு எடுக்குமுன்னரே அதில் வினாவையும், எந்த அலையை எந்த இடத்தில் எந்த நேரத்திற் பார்ப்போம் என்பதையும், எத்தகைய பதிவைத் தள்ளுவோம் என்பதையும் எழுதிவிடவேண்டும். பின்னர் ஒவ்வொருவர் பெயருக்கு ஈடாக ஓரெண் இட்டு, வந்த நாள், பொருத்த எடுத்த நேரம், தள்ளப்பட்ட பதிவுகளின் தொகை ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். கடைசியில் ஒரு பத்தி, பதிவு அமையாமல் திருப்பியனுப்பப்பட்டோர்க்கு. அவர் திருப்பியனுப்பப்பட்டது கூந்தலாலோ, எண்ணெயாலோ, கருவியின் அளவாலோ, நம் பொறுமையின்மையாலோ என்று அப்பத்தியில் அன்றன்றே எழுதிவிடவேண்டும்.